கசக்கும் என்று சொல்லித் தா

அன்பு மகனுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று உனக்குப் பழக்கியவன் நான்தான். கொழும்புக்கு உத்தியோகத்துக்குப் போன புதிதில் நீ எழுதிய கடிதமெல்லாம் அப்படியே தொடங்கும், நீ காய்ச்சலில் கிடந்த கிழமைகூட. இந்தக் கடிதம் அப்படித் தொடங்காது. உன் உம்மா சுகம், தங்கச்சி சுகம், எனக்கு மாரி பிறந்ததிலிருந்து திரும்பவும் மூத்திரத்தோடு இரத்தம் போகிறது. முதலில் இறைச்சி கழுவின தண்ணீர் மாதிரி வந்தது. இப்போது கட்டி கட்டியாக வருகிறது. கட்டி வந்து வழியை அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டும் இறங்காது, அடிவயிறு கல்லாகிவிடும், வண்டிலில் போட்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குழாய் விட்டு எடுப்பார்கள். இதை எழுதுகிற நேரத்திலும் எழும்பி எழும்பிப் போக வேண்டியிருக்கிறது. எழுத்து ஒரு பந்தியில் நேராகவும் மற்றப் பந்தியில் கோணலாகவும் இருந்தால் காரணம் அதுதான்.

உன்மேல் எனக்குக் கோபம். சாதாரணக் கோபம் இல்லை, வயிறு எரிகிற கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் நேராகச் சொல்லாமல் போனதால் வந்த வினைதான் இதெல்லாம். உன் தங்கச்சியின் கலியாணத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு வருமுன் உன் பொய்யைத் தாண்டித்தான் வரவேண்டும்.

போன அறுவடை முடிந்த கையோடு நீ வந்து என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனாய். அதற்கு முன் நான் செய்யாத வைத்தியம் இல்லை. உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தேன், நீர்க்கடுப்பு என்று நெருஞ்சில் அவித்துக் குடித்தேன், ஓதிப் பார்த்த தண்ணீரும் குடித்தேன். பள்ளிக்குப் போவதை நிறுத்தினேன். வெள்ளைச் சாரன் எல்லாவற்றையும் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கறுப்புக் கட்டம் போட்ட சாரனையே உடுத்திக்கொண்டு திரிந்தேன், கறை தெரியாமல் இருக்க. ஊரெல்லாம் துணி விற்கிற மனிதன் தன் துணிக்குப் பயந்து திரிந்தது எனக்கே சிரிப்பாக இருந்தது. பள்ளி லெப்பை வீட்டுக்கே வந்து சொன்னார்: "நிக்காமப் போற நோய்க்காரனுக்கும் மார்க்கத்தில வழி இரிக்கி. வக்துக்கு வக்து கழுவித் துணியக் கட்டிக்கிட்டு வுழு எடுத்துத் தொழுங்க. அல்லாஹ் ஏத்துக்குவான்." அல்லாஹ் ஏற்றுக்கொள்வான், பக்கத்தில் நிற்கிறவன் மூக்கைச் சுளிப்பானே என்றுதான் நான் போகவில்லை. மார்க்கம் விட்டாலும் வெட்கம் விடவில்லை.

கொழும்பு ஆஸ்பத்திரியில் நுனியில் விளக்கு வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். அந்த வேதனையை நான் எழுதப்போவதில்லை. அடுத்த நாள் டொக்டர் உன்னையும் என்னையும் கூப்பிட்டு இருத்தி எனக்கு விளங்காத இங்கிலீசில் பேசினார். நல்ல மனிதர், என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார், உன்னைப் பார்த்து இல்லை. நெடுநேரம் பேசினார். இடையில் ஒரு தரம் நிறுத்தி, கையை விரித்து, மறுபடியும் பேசினார். அவர் முடித்ததும் நீ என் பக்கம் திரும்பிச் சொன்னாய்: "மூத்திரப்பையில ஒரு புண்ணாம் வாப்பா. கரண்ட் புடிச்சாச் சுகமாகிடுமாம்." அவ்வளவுதான். தோணியில் துணி மூட்டை ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்து படுவான்கரையில் ஊர் ஊராகப் போய் விற்றவன் நான். ஒருவன் நீளமாகப் பேச, நடுவில் நிற்கிறவன் அதை ஒரே வரியில் முடித்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நான் உன்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த ஒரு வரி எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு, கரண்ட் என்று நாம் சொல்கிற கதிர் பிடிக்கிற அந்த அறை. ஈயத் தகடு அடித்த கதவு, உள்ளே இரைந்துகொண்டிருக்கிற இயந்திரம். அடிவயிற்றில் ஊதா மையால் கோடு கீறி, அந்தக் கோடு அழியக் கூடாது, அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது என்றார்கள். மூத்திரம் போனால் கழுவாமல் இருக்கிற சாதியா நாங்கள்? நீ எனக்குப் பக்கத்தில் நின்று, கோட்டுக்குக் கீழே மட்டும் கோப்பையால் தண்ணீர் ஊற்றிக் கழுவ உதவினாய். பெற்ற தகப்பனுக்கு அந்த வேலை செய்ய எத்தனை பேருக்கு மனம் வரும்? அதை நான் மறக்கவில்லை. ஞாயிறு தவிர நாளாந்தம் போய் அந்த மேசையில் மல்லாந்து கிடந்தேன். முதல் இரண்டு கிழமையும் நோய் கூடியது போலத்தான் இருந்தது, எரிவு, வயிற்றுப்போக்கு, சோற்றைக் கண்டால் குமட்டல். தோல் கறுத்தது. பிறகு ஒரு விடியலில் கோப்பையில் தெளிந்த தண்ணீர் போனது. எனக்கு அழுகை வந்தது. நீயும் அழுதாய். நீ எதற்கு அழுதாய் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

ஊருக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை வெள்ளைச் சாரன் உடுத்தேன். உன் உம்மா அதற்கு நீலம் போட்டு உலர்த்தி, மடிப்புக் கலையாமல் தந்தாள். ஜும்ஆவுக்குப் போய் முன் வரிசையில் நின்றேன். சுஜூதில் நெற்றியை வைத்தபோது எழும்ப மனம் வரவில்லை. வெளியே வந்து கை கொடுத்தவர்களிடமெல்லாம் "சுகமாகிட்டு, அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். கந்தூரி கொடுத்தேன். இறைச்சிச் சோறு தின்றவர்கள் இன்றைக்கு என்னைப் பார்க்க வந்து குந்தியிருந்துவிட்டு, அதே வாயால் "இதெல்லாம் அல்லாஹ்ட நாட்டம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சொல்லட்டும், தின்ற சோறு சமிக்க வேண்டுமே.

இனி வீட்டின் கதை. நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவான் என்பது உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நானும் உன் உம்மாவின் வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்தவன்தான். ஆம்பிளை இங்கே ஆயுளெல்லாம் வீடு கட்டுவான், அவனுக்கென்று ஒரு வீடு இருக்காது. உன் தங்கச்சிக்கு நான் கட்டிவைத்த வீடு நல்ல வீடு. மண் சுவர், கிடுகுக் கூரை, சாணி மெழுகின நிலம், முன்னால் ஒரு முருங்கை. மாப்பிள்ளை இஸ்மாயிலையும் அவன் உம்மாவையும் நீ அறிவாய். நோன்புக்கு முன் நிக்காஹை முடித்துவிடுவோம் என்று அவர்கள் வந்து கேட்டார்கள். நானோ சுகமான மனிதன். எனக்கு முன்னால் காலம் கிடக்கிறது என்று நம்பினவன். சுகத்துக்கு நன்றியாகப் பிள்ளைக்குக் கல்வீடாகவே கட்டிக் கொடுப்போம், ஓடு போட்டுக் கொடுப்போம் என்று ஆசை ஏறியது. அடுத்த அறுவடைக்குப் பிறகு பார்ப்போம் என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, இருந்த வீட்டின் கூரையைப் பிரித்தேன்.

உன் உம்மா என்னை மறித்தாள். அவள் என்னை மறிக்கிறவள் இல்லை, உனக்குத் தெரியும். ஆட்கள் கூரையில் ஏறிவிட்டார்கள், அவள் கீழே நின்று, "வேணாங்க. இரிக்கிற வூட்டுலயே புள்ளட கலியாணத்த முடிச்சிடுவம். கல்வூடு மறுகா கட்டலாம்" என்றாள். நான் சொன்னேன், "உனக்கென்ன தெரியும்? நான் கிடையில கிடக்கக்குள்ள செல்லியிருந்தாச் சரி. இப்ப நான் சுகமான மனிசன்." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பொறாமை பிடித்த மனிசி, தனக்குக் கல்வீடு கட்டித் தராதவன் மகளுக்குக் கட்டுகிறான் என்று எரிச்சல் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு விடவில்லை, கூரையில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொல்லியும் சிரித்தேன்.

சுவர் என் நெஞ்சளவுக்கு எழும்பியபோது மாரி வந்தது. அந்த மாரியோடு இரத்தமும் வந்தது. உள்ளதும் போச்சுதடா நொள்ளைக் கண்ணா என்பார்களே, அதுதான். பழைய கிடுகெல்லாம் நனைந்து உக்கிக் கிடக்கிறது, புதிய சுவரில் பாசி பிடித்திருக்கிறது, தங்கச்சி தினமும் அதைத் தாண்டித்தான் கிணற்றுக்குப் போய் வருகிறாள். ஒரு சொல் என்னைக் குறை சொன்னதில்லை. சொன்னால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருக்கும்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் குழாய் போட்ட டொக்டர் யாழ்ப்பாணத்துத் தமிழர். அவரிடம் நான் சண்டைக்குப் போனேன். கொழும்பில் சுகமாக்கி அனுப்பிய நோய் எப்படித் திரும்பி வரும், உங்கள் மருந்து பிழை என்றேன். அவர் என் கட்டிலில் வந்து இருந்தார். "முதலாளி, உது சுகமாக்கிற வைத்தியம் இல்லை. உங்களுக்குப் புற்று. அது மூத்திரப்பையைத் தாண்டிப் போட்டுது. ரத்தத்தை நிப்பாட்டி, நோவைக் குறைச்சு, கொஞ்சக் காலம் ஆறுதலா இருக்கத்தான் கரண்ட் பிடிச்சது. கொழும்பில உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சொன்னாங்க, எனக்குத்தான் மறந்து போச்சு" என்றேன். உன்னை விட்டுக்கொடுக்க அந்த நேரத்திலும் எனக்கு மனம் வரவில்லை பார்.

வீட்டுக்கு வந்து உன் உம்மாவிடம் கேட்டேன், உனக்குத் தெரியுமா என்று. "தெரியும்" என்றாள். "கொழும்பால வந்த அண்டே மகன் எனக்கிட்டச் செல்லிட்டான். வாப்பாக்கிட்டச் செல்ல மாட்டன் எண்டு சத்தியம் வாங்கிட்டான்." மகனே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய், சரி. அந்தச் சோற்றை ஏன் உன் உம்மாவின் கையில் கொடுத்தாய்? நீ ரயிலேறிப் போய்விட்டாய். அவள்தான் நான் கந்தூரி கொடுப்பதைப் பார்த்தாள், வெள்ளைச் சாரனுக்கு நீலம் போட்டாள், கூரை பிரிப்பதைப் பார்த்தாள். என் ஏச்சையும் கேட்டுக்கொண்டு, உனக்குச் செய்த சத்தியத்தையும் காப்பாற்றினாள். நான் செத்த பிறகு நீ எனக்கு எத்தனை யாசீன் ஓதினாலும், அவளிடம் போய்ப் பிழை பொறுக்கச் சொல்லிப் பொருத்தம் கேட்காமல் அது என்னை வந்து சேருமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

உனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும், ஊரெல்லாம் காய்ச்சல் வந்த வருடம். உன் உடம்பு பாயில் துள்ளித் துள்ளி விழும். ஆஸ்பத்திரியிலிருந்து கொயினா மருந்துத் தண்ணி கொண்டுவந்து வைத்திருந்தோம். உன் உம்மா அதைச் சர்க்கரையில் கலந்து, இனிக்கும் மகன், குடிங்க என்று தந்தாள். நீ ஒரு மிடறு குடித்துவிட்டு அவள் முகத்திலேயே துப்பினாய். அடுத்த தரம் சர்க்கரைப் பாணி என்று சொல்லித் தந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டாய். அதற்குப் பிறகு அவள் கையால் வெறும் தண்ணீர்கூட நீ குடிக்கவில்லை. துணிக்கடையைப் பூட்டிவிட்டு வந்த நான் உன்னைத் தூக்கி மடியில் வைத்துச் சொன்னேன்: "கசக்கும் மனே. மிச்சம் கசக்கும். குடிச்ச பொறகும் கனநேரத்துக்குக் கசக்கும். குடிச்சாக் காய்ச்சல் நிக்கும்." நீ என் முகத்தைப் பார்த்தாய். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கினாய். அழவில்லை. எட்டு வயதில் உனக்கு இருந்த நெஞ்சு எனக்கு இந்த வயதில் இருக்காது என்று நீ எப்படி முடிவு செய்தாய்?

அந்தப் பொய்யை நீ ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என்மேல் உள்ள இரக்கம். டொக்டர் கையை விரித்தபோது உனக்கும் பயம் வந்திருக்கும், இத்தனை பெரிய சொல்லை இந்த மனிதனிடம் எப்படிக் கொண்டுபோய் வைப்பது என்று. ஆனால் கேள். அந்தக் கரண்ட் எனக்குப் பொய் சொல்லவில்லை. தன்னால் முடிந்ததைச் செய்தது, சில மாதம் இரத்தத்தை நிறுத்தியது, இரவில் நித்திரை தந்தது, முன் வரிசையில் நிற்கவைத்தது. நோயைக் கொல்லாத வைத்தியம் வீண் வைத்தியம் என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். அந்த மாதங்கள் தங்கம். அவ்வளவுதான் மிச்சம் என்று தெரிந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? கிடுகுக் கூரையின் கீழேயே தங்கச்சியின் நிக்காஹை முடித்திருப்பேன். உன் உம்மாவோடு ஆற்றங்கரையில் போய்ச் சும்மா குந்தியிருந்திருப்பேன். மேசனோடு சண்டை பிடித்துக்கொண்டு, சுண்ணாம்பில் மண் கூடிப்போச்சு, மணலில் சிப்பி கூடிப்போச்சு என்று கத்திக்கொண்டு, கிடைத்த நல்ல நாளையெல்லாம் வெயிலில் நின்று செலவழித்தேன். நாளைக்கு உன் பிள்ளைக்கோ பெண்சாதிக்கோ ஒரு டொக்டர் இப்படிக் கையை விரித்தால், அவர்களுடைய நாளை அவர்களிடமே கொடுத்துவிடு. அதை எப்படிச் செலவழிப்பது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எழும்பிப் போய் வந்தேன். இந்த முறை கட்டி இல்லை, நோவு மட்டும். மிச்சத்தை எழுதுகிறேன்.

போன கிழமை இஸ்மாயில் வந்தான். பாசி பிடித்த சுவரைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு என் பாயடியில் வந்து இருந்தான். "மாமா, எனக்கு ஓடு வேணா. நானும் கூட்டாளிமாரும் கிடுகு இழைச்சு இந்தச் சுவருக்கு மேலயே போட்டுத் தாறம். குனிஞ்சு போய் வந்தாச் சரி" என்றான். நெஞ்சளவு சுவரில் கூரை போட்டால் குனிந்துதான் போக வேண்டும், அவன் சொன்னது சரி. ஆனால் அவன் உம்மா ஒரு நிபந்தனை வைத்துவிட்டாள். "வாப்பா உசிரோட இரிக்கக்குள்ள நானா வந்து கைபுடிச்சுக் குடுத்தா ஊர் என்ன கதைக்கும்? வாப்பாதான் சபையில இருந்து குடுக்கணும்" என்கிறாள். அண்ணனான நீ கொடுத்தால் போதாதாம். அவளைக் குறை சொல்லி என்ன? அவளுக்கும் ஒரு மகன்தானே. எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. என் மகளின் நிக்காஹில் நான் வெள்ளைச் சாரன் உடுத்து, சபையில் சப்பணம் கட்டி இருந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடிக்க வேண்டும். நடுவில் எழும்பி ஓடக் கூடாது. பாயில் கறை படக் கூடாது. இப்போதைய நிலையில் லெப்பை பிஸ்மி சொல்லி முடிக்கும் வரைகூட என்னால் இருக்க ஏலாது.

மட்டக்களப்பு டொக்டர் சொல்கிறார், கொழும்புக்கு இன்னொரு தரம் போனால் கொஞ்சமாகக் கரண்ட் பிடித்துப் பார்க்கலாமாம். கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும், கேட்டாலும் முந்தின அளவு காலம் நிற்காது என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மாதக்கணக்கு வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போதும். ஆகையால் நீ லீவு எடுத்துக்கொண்டு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. வந்த உடனே என்னிடம் வராதே. முதலில் அடுப்படிக்குப் போ, உன் உம்மாவிடம் வாங்கிய சத்தியத்தை அவளுக்குத் திருப்பிக் கொடு, அவள் என்ன ஏசினாலும் நின்று கேள்.

வழியிலோ கொழும்பிலோ என் கதை முடிந்துவிட்டால், அல்லது கரண்ட் இந்த முறை கேட்காவிட்டால், என் இடத்தில் நீதான் இருக்க வேண்டும். என் மையத்துக்காக, நான் செத்த துக்கத்துக்காகக் கலியாணத்தைத் தள்ளிப் போடாதே, தள்ளிப் போட்டது போதும். இஸ்மாயிலின் கையைப் பிடித்து, லெப்பை சொல்லித் தருகிற சொல்லை அப்படியே சொல்லு. ஒருவரின் சொல்லை இன்னொருவரிடம் கொண்டுபோய் ஒப்படைக்கிற வேலைதான் அதுவும். ஒரு சொல் கூட்டாதே, ஒரு சொல் குறைக்காதே.

நான் உயிரோடு போய்ச் சேர்ந்தால், அந்தக் கொழும்பு டொக்டர் தன் முன்னால் நம் இரண்டு பேரையும் மறுபடி இருத்துவார். அவர் பேசி முடிக்கும் வரை நான் பொறுத்திருப்பேன். அவர் எவ்வளவு நேரம் பேசுகிறாரோ அவ்வளவு நேரம் நீயும் என்னிடம் பேச வேண்டும். உன் குரல் நடுங்கினால் நடுங்கட்டும், அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல்லு. கசக்கும் என்றால் கசக்கும் என்று சொல்லித் தா, மகனே. நான் விழுங்குவேன்.

உன் வாப்பா